பார்சல் வாங்கும்போது டெலிவரி சீட்டில் இருப்பதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். அதிலும் கையெழுத்துப் போடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் வரியை விட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் தையல் மெஷினைத் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு லாரி பார்சலில் போட்டிருந்தோம். வாசலில் இறக்கியவர், "அண்ணே, இன்னும் நாலு இடம் போகணும், சட்டுனு ஒரு கையெழுத்து போடுங்க" என்றார். போட்டேன். மறுநாள் சாக்கைப் பிரித்தால் கைச்சக்கரம் இரண்டாக உடைந்து கிடக்கிறது. முப்பது வருஷம் அம்மா சுற்றிய சக்கரம். பார்சல் ஆபீசுக்குப் போனால், நான் கையெழுத்துப் போட்ட சீட்டையே எடுத்துக் காட்டினார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: ‘சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது.’ எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்போதெல்லாம் இறக்கியவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கிறேன். அதற்கு அவர் நிற்கவில்லை என்றால், ‘இடது மூலை நசுங்கியிருக்கிறது, உள்ளே பார்க்கவில்லை’ என்று சீட்டிலேயே தேதி, நேரத்தோடு எழுதி, அதன் கீழேதான் கையெழுத்து. அவர் கொண்டுபோகும் காப்பியிலும் அதே வார்த்தைகள் இருக்க வேண்டும். நம்முடையதில் மட்டும் இருந்தால், அப்புறம் எழுதிச் சேர்த்தது என்பார்கள். இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது தரும் ரசீதின் பின்பக்கமும் முக்கியம். பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்குக் கம்பெனி கேட்கும் கூடுதல் ரிஸ்க் கட்டணத்துக்கும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால், லாரி கம்பெனியின் பொறுப்பு பொதுவாக வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 2011ஆம் ஆண்டு விதி அப்படி. 400 ரூபாய் வாடகை என்றால் 4,000 ரூபாய், அவ்வளவுதான்.

ஏற்கெனவே படிக்காமல் போட்டுவிட்டீர்களா? சரி, அதோடு விட்டுவிடாதீர்கள். உடைந்ததைப் படம் எடுத்து, அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. லாரி கம்பெனி மேல் வழக்குப் போடுவதென்றால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். டெலிவரி ஆன நாளிலிருந்து எண்ணிவிடாதீர்கள். எனக்கு இந்தக் கணக்கு தெரியவந்தபோது எட்டு மாதம் ஓடிப்போயிருந்தது.