சீஜேயும் ஐந்தாம் பாகமும் ஒரே உலகமா?

தம்பி, ஜீரிஏ (GTA) எண்ட வீடியோ கேமின்ர ஐந்தாம் பாகத்திலும் சீஜேயின்ர குரோவ் வீதி இருக்கு, அப்ப அது சீஜே நாயகனா வாற பழைய ‘சான் அன்ட்ரியாஸ்’ பாகத்தின்ர தொடர்ச்சிதானே எண்டு அண்ணனோட சண்டை பிடிச்சிருக்கிறீங்கள். இல்லை எண்டு அண்ணன் சொன்னதுதான் சரி. 2008 இல நாலாம் பாகத்தோட, கேமைச் செய்யிற றொக்ஸ்டார் கொம்பனி புதுக் கதையுலகம் துவங்கிட்டு. ஊர்ப்பேர், கடைப்பேர், ரேடியோக் குரல் எண்டு கொஞ்சம்தான் கடந்து வந்தது.

பழைய உலகத்துக்குள்ளதான் முடிச்சு இறுக்கம். சான் அன்ட்ரியாஸில ரேஸில தோத்து, சீஜேயிட்ட கராஜ் உறுதியைக் குடுக்கிற வாய்திறக்காத ஆள் ஆர்? 2001 இல வந்த மூன்றாம் பாகத்தின்ர நாயகன் குளோட்! பக்கத்தில நிக்கிற அவன்ர காதலி கற்றலினாதான் பிறகு மூன்றாம் பாகத்தில அவனையே சுடுறாள். திருமலையில நெற் கஃபேக்கு மணித்தியாலக் காசு குடுத்து விளையாடேக்க எனக்கும் இது பிடிபடேல்ல.

பிஎஸ்பி (PSP) எண்ட கையடக்கக் கேம் கருவிக்கு வந்த ரெண்டு ‘ஸ்ரோரீஸ்’ பாகங்களும் இந்தப் பழைய உலகத்துக் கணக்கில சேரும், விட்டிடாதேங்கோ.