அடிவயிற்று வலியும் வெள்ளைப்படுதலும்: கேள்வி பதில்

கேள்வி: வயது 23, திருமணமாகி ஒரு வருடம். அடிவயிற்று வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இடுப்புக்குழி அழற்சி என்று ஊசி போட்டு, 14 நாள் மாத்திரை தந்தார்கள். நாலாம் நாளே வலி போய்விட்டது. நிறுத்தலாமா டாக்டர்?

பதில்: கூடாதும்மா. வலி போனாலும் கிருமி போயிருக்காது. உடலுறவில் பரவும் கிளமிடியா, கொனோரியா போன்ற கிருமிகள் கருப்பை வாயிலிருந்து மேலேறிச் சினைக்குழாயைப் பிடிப்பதுதான் இந்த நோய். பெரும்பாலும் பல கிருமிகள் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் செஃப்ட்ரையாக்சோன் ஊசியோடு டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் இரண்டும் தருகிறோம். பாதியில் விட்டால் தொற்று உள்ளேயே தங்கி, குழாய் தழும்பேறி அடைத்துக்கொள்ளலாம். ஸ்வீடனில் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1992-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் ஒருமுறை வந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குக் குழாய் பாதிப்பால் குழந்தையில்லை. இருமுறை வந்தால் 19.5, மூன்று அல்லது அதற்கு மேல் 40. பதினாலு நாளும் போடுங்கள். மூன்று நாளில் குறையாத வலி, கடும் காய்ச்சல், மாத்திரை தங்காத வாந்தி, கர்ப்பம் என்றால் மருத்துவமனையில் சேர வேண்டும்.

கேள்வி: வெள்ளைப்படுவது உடல் சூட்டாலா?

பதில்: இல்லை. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இல்லாவிட்டால் இயல்பானதே.

கேள்வி: மனைவிக்கு இந்த நோய். எனக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?

பதில்: தொந்தரவு தெரியாமலே ஆண்களிடம் கிளமிடியா மாதக்கணக்கில் இருக்கும். போடுங்கள் தம்பி.

கேள்வி: அப்படியானால் யாரிடமிருந்து வந்தது? அவளுடைய ரிப்போர்ட் நெகட்டிவ்தான்.

பதில்: யார் யாருக்குக் கொடுத்தார் என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. யோனியில் வழக்கமாக இருக்கும் பாக்டீரியாக்களாலும் இது வரும். கருப்பை வாயில் எடுத்த சோதனை நெகட்டிவ் என்றாலும் மேலே குழாயில் கிருமி இருக்கலாம். அதனால் கடந்த 60 நாளில் உறவு வைத்த துணைக்கும் சிகிச்சை தருவதுதான் முறை. விசாரணையை விடுங்கள். இருவரும் மருந்தை முடித்து வலி போகும்வரை உறவு வேண்டாம்.

கேள்வி: நல்லா கேளுங்க டாக்டர்! என் வீட்டுக்காரர் கிளினிக் வாசலோடு சரி. நான் மூன்றாவது முறை மருந்து சாப்பிடுகிறேன்.

பதில்: நீங்கள் மட்டும் சாப்பிட்டால் நாலாவது முறையும் வரும். முதலில் அவரை உள்ளே கூட்டி வாருங்கள்.

கேள்வி: உடல் சூட்டுக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் வெள்ளைப்படுதல் நிற்குமா?

பதில்: சூடு பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. வெந்தயம் கிருமியைக் கொல்லாது.

கேள்வி: வயது 20, திருமணம் ஆகவில்லை. அடிவயிறு வலிக்கிறது, டாக்டரிடம் போகப் பயம். மெடிக்கலில் கேட்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ஒரு அசித்ரோமைசின் தந்து அனுப்பிவிடுவார்கள், அது இதற்குப் போதாது. முதலில் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்ய வேண்டும். குழாயில் தங்கிய கர்ப்பமும் இப்படித்தான் வலிக்கும், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு உண்டு, மருந்து இலவசம். 18 முடிந்த உங்களுக்குப் பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனையும் அங்கேயே கேளுங்கள்.

கேள்வி: எனக்கும் இந்த நோய். கருத்தடைக்குப் போட்ட காப்பர் டி இருக்கிறது, எடுத்துவிடவா?

பதில்: உடனே வேண்டாம். மருந்து தொடங்கி மூன்று நாளில் குறையவில்லை என்றால் யோசிக்கலாம்.