சுண்டெலிக்கு நின்ற வலிப்பு: வாசகர் கேள்விகள்

வல்லாரைச் சாறு கொடுத்த சுண்டெலிகளுக்கு வலிப்பு குறைந்தது. மருந்து கிடைத்துவிட்டது என்று ப்ராஜெக்டில் எழுதலாமா? (பாளையங்கோட்டை மாணவி)

கொஞ்சம் பொறும்மா. வலிப்பை எப்படி வரவழைத்தாய் என்று எழுதவில்லையே. மின் அதிர்ச்சி என்றால், பின்னங்கால்கள் விறைத்து நீளாமல் இருந்தனவா என்று பார்த்திருப்பாய். வலிப்பைத் தூண்டும் பென்டிலீன்டெட்ரசால் ஊசி என்றால், துடிப்பு எத்தனை நொடி கழித்துத் தொடங்கியது என்று குறித்திருப்பாய். ஒன்றில் தேறியது இன்னொன்றில் தோற்கலாம். இன்று மெடிக்கல் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வலிப்பு மருந்து லெவெடிராசெட்டாம், இந்த இரண்டிலுமே தேறாத மாத்திரை!

மயங்கிக் கிடக்கிற எலிக்கும் துடிப்பு குறையும். சுழலும் தண்டின் மேல் ஏற்றிவிட்டு, விழாமல் நிற்கிறதா என்று பார்.

சாற்றை எதில் கரைத்தாய்? 1960-களின் தொடக்கத்தில் பிரான்சில் பியர் எய்மார், கெல்லின் என்ற தாவரச் சத்திலிருந்து செய்த பொருட்களை வால்ப்ரோயிக் அமிலத்தில் கரைத்துச் சோதித்தார். எதைக் கொடுத்தாலும் வலிப்பு நின்றது. சந்தேகப்பட்டுப் பார்த்தால், வேலை செய்தது கரைப்பான்! 1882-லேயே தயாரித்தும் யாரும் மருந்தாக நினைக்காத சரக்கு அது. கரைப்பான் மட்டும் கொடுத்த கூண்டு ஒன்று உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலிலிருந்து செய்.

மகன் வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடுகிறான். ஆன்லைனில் சங்குபுஷ்பி பொடி வாங்கியிருக்கிறேன். கூடவே கொடுக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

வேண்டாம். வடக்கே அந்தப் பெயரில் விற்பது தரையில் படரும் வேறு செடி. நம் வேலியில் நீலமாகப் பூக்கிற சங்குப்பூ வேறு. டப்பாவில் எது இருக்கிறதோ! சங்குபுஷ்பி சேர்ந்த ஆயுர்வேத மருந்தைத் தொடர்ந்து கொடுத்த எலிகளின் ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவு குறைந்ததை 1992-லேயே ஆய்வில் கண்டார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் நின்றிருந்த வலிப்பு திரும்பலாம். டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து, மூக்கில் யூகலிப்டஸ் தைலம். சரியா? (வள்ளியூர்)

பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அதற்குள் யாராவது சாவியைத் திணித்திருப்பார். பெயர் சாவிக்குப் போய்விடும். மேலே கேட்ட மாணவியும் இதைப் படிக்கட்டும். தைலத்தையும் கற்பூரத்தையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், இரண்டுமே வலிப்பைத் தூண்டக்கூடியவை. 1934-ல் புடாபெஸ்டில் மெதுனா என்ற மருத்துவர், மனநோய்க்குச் சிகிச்சை என்று வலிப்பை வரவழைக்கத் தேடிய பொருளே கற்பூரம்தான். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108.

காரையாறு பக்கம் காணிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் வலிப்புக்குத் தரும் வேரை அனுப்பியிருக்கிறேன். சோதித்துச் சொல்வீர்களா? (பாபநாசம்)

வேர் வந்தது, பாலித்தீன் பைக்குள் பூசணம் பிடித்து. வேரை மட்டும் வைத்துச் செடியை அடையாளம் காண முடியாது. இலையும் பூவும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து அனுப்புங்கள். அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் பறிக்கக் கூடாது. அதற்கும் முன்னால் பெரியவரிடம் சம்மதம் கேட்டீர்களா? மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் காணிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து மருந்து செய்தபோது, வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். இவருக்கும் அந்த உரிமை உண்டு.