ஜாடி ஒன்றரைக் கிலோ, பில் ஆறரைக் கிலோ

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். கரிகிரி மட்பாண்ட ஊறுகாய் ஜாடிகளை வாங்கி, வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் சொந்தமாகக் கடை போட்டு விற்கிறேன். ஜாடி 14 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம். பேக்கிங்கோடு வீட்டுத் தராசில் ஒன்றரைக் கிலோதான் வருகிறது. கூரியரில் ஆறரைக் கிலோவுக்குப் பில் போடுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா? நான் அனுப்பும் பெட்டி 35×30×30. எல்லா ஊருக்கும் டெலிவரி 90 ரூபாய் என்று வைத்ததில் கையை விட்டுத்தான் போகிறது. போதாக்குறைக்குப் பத்துக்கு இரண்டு உடைகிறது. கடையில் இதையெல்லாம் எப்படி அமைப்பது?

பதில்: ஏமாற்றவில்லை. கூரியர் நிறுவனங்கள் இரண்டு எடை பார்க்கும். ஒன்று தராசு எடை. இன்னொன்று, பெட்டி வண்டியில் அடைக்கும் இடத்துக்கான எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். உங்கள் பெட்டிக்கு 35×30×30 = 31,500. வகுத்தால் 6.3 கிலோ. அரைக் கிலோ கணக்கில் ஏற்றினால் ஆறரை. பில் சரிதான், பெட்டிதான் தப்பு.

கையில் கிடைத்த பெட்டியில் போட்டு, மிச்ச இடத்தில் பேப்பரைத் திணித்து அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஜாடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை போதும். அப்படியானால் பெட்டி 24×24×26. பெருக்கி வகுத்தால் மூன்று கிலோவுக்கு ஒரு நூலளவு கம்மி. ஆறரை மூன்றாகிவிட்டது! இதற்குக் கீழே இறங்க ஆசைப்படாதீர்கள். மெத்தையைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் பணம் உடைந்த ஜாடியில் போய்விடும். தோல் பர்ஸ், கைத்தறி லுங்கி விற்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கவரில் போட்டு ஒட்டினால் முடிந்தது.

இந்த அளவில் 5 பிளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டியாக அடித்து வாங்குங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளுக்குப் பெட்டி அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஜாடிக்கு ஒன்று, இரட்டைக்கு ஒன்று என இரண்டே அளவு போதும். இரட்டைப் பெட்டி 43×24×26, அதாவது ஐந்தரைக் கிலோ. தனித்தனியாக அனுப்பினால் ஆறு. எடையில் லாபம் கொஞ்சம்தான். ஆனால் முதல் அரைக் கிலோவுக்கு வாங்கும் கூடுதல் கட்டணத்தை ஒரு தடவைதான் கட்டுவீர்கள்.

உடைவதைப் பற்றி. ஜாடியை மூடியோடு அனுப்புகிறீர்களா? மூடி உள்ளே ஆடி ஆடி ஜாடியின் வாய் விளிம்பில் தட்டிக்கொண்டே போகும். உடைந்து வந்த படங்களை எடுத்துப் பாருங்கள், சில்லு பெயர்ந்தது பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் இருக்கும். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். ஜாடிக்குள் கசக்கிய பேப்பரை நிரப்புங்கள். வெளியே பபுள் ராப் இரண்டு சுற்று. அடியில் மெத்தை போட்டு ஜாடியை நடுவில் நிறுத்தி, நாலு பக்கமும் இறுக அடைத்து மூடுங்கள். மூடியதும் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே 'லொட்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் பிரித்து மறுபடி கட்டுங்கள். இதை ஒவ்வொரு பெட்டிக்கும் செய்ய வேண்டும், மாதிரிக்கு ஒன்று போதாது. நம் ஊரில் பானைகளை வண்டியில் ஏற்றும்போது வைக்கோல் போட்டு அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அருமையான மெத்தைதான், உள்ளூருக்குத் தாராளமாகப் போடலாம். வெளிநாட்டு ஆர்டர் வந்தால் மட்டும் வேண்டாம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் வைக்கோல் பேக்கிங்கை உள்ளே விடுவதில்லை.

சரி, இப்போது கடையின் செட்டிங்ஸ். டெலிவரிப் பகுதிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். மூன்றாகப் பிரியுங்கள்: நம் பக்கம், தமிழ்நாடு, இந்தியாவின் மற்ற பகுதி. நம் பக்கத்துக்கு மாவட்டப் பெயரை நம்ப வேண்டாம், பின்கோடு போடுங்கள். 632* என்று போட்டால் வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆரணி வரை வந்துவிடும். ஆம்பூரும் வாணியம்பாடியும் 635. ஆனால் 635* என்று போட்டால் கிருஷ்ணகிரியும், தருமபுரி மாவட்டத்தின் சில ஊர்களும் சேர்ந்து வரும், அதனால் வேண்டிய ஊர்களின் பின்கோடுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். வடாற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது, 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. பின்கோடு இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

முக்கியமான ஒன்று: பட்டியலை வூகாமர்ஸ் மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 'தமிழ்நாடு' மேலே இருந்தால், பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கும் தமிழ்நாட்டுக் கட்டணம்தான் காட்டும். சின்ன பகுதி மேலே, பெரிய பகுதி கீழே இருக்கும்படி இழுத்து வையுங்கள். நேரில் வந்து எடுத்துக்கொள்ளும் வசதியையும் திறந்து வையுங்கள். காட்பாடிக்கு ரயிலேற வருகிறவர்கள் கேட்பார்கள்.

அடுத்து, 'உடையும் பொருள்' என்று ஒரு டெலிவரி வகுப்பை உருவாக்கி, ஒவ்வொரு ஜாடியையும் அதில் சேருங்கள். ஒவ்வொரு பகுதியின் கட்டணத்திலும் இந்த வகுப்புக்குத் தனித் தொகை போடலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்தத் தொகை வகுப்புக்கு ஒரு தடவைதான் ஏறும். ஒருவர் நாலு ஜாடி வாங்கினாலும் ஒரு ஜாடிக் கட்டணம்தான் வசூலாகும். எண்ணிக்கையால் பெருக்குவதற்கு ஒரு குறியீடு உண்டு. தொகைக் கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியைத் தொட்டால் எப்படி எழுதுவது என்று காட்டும். எழுதிவிட்டு நீங்களே கூடையில் நாலு ஜாடி போட்டுப் பாருங்கள்.

பொருளின் பக்கத்தில் எடை, அளவு கேட்கும் இடத்தையும் நிரப்புங்கள். நிலையான கட்டணம் வைத்திருக்கும்வரை அந்த எடையை வூகாமர்ஸ் கணக்கில் எடுக்காது. நாளை கூரியர் நிறுவனத்தின் நேரடிக் கட்டணத்தை இணைக்கும்போது தேவைப்படும். அலகு கிலோவா கிராமா என்று பார்த்துப் போடுங்கள். கிலோக் கட்டத்தில் 1500 என்று அடித்தால் ஜாடி ஒன்றரை டன் ஆகிவிடும்.

தொகை எவ்வளவு? மூன்று பகுதிக்கும் மூன்று கிலோவுக்கு உங்கள் கூரியர் வாங்கும் கட்டணத்தை எழுதி வாங்குங்கள். பெட்டி, பபுள் ராப், டேப் செலவை ஜாடி விலையில் சேர்த்துவிடுங்கள். கூரியர் பணத்தை மட்டும் டெலிவரி என்று காட்டுங்கள். அதுதான் நேர்மை, வாங்குகிறவருக்கும் புரியும்.

கேள்வி: சத்துவாச்சாரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஒரு ஆன்லைன் கடையில் 249 ரூபாய்க்குத் தண்ணீர் பாட்டில் எடுத்தேன். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் டெலிவரி 120, 'பேக்கிங்' 40 என்று ஏறி 409 ஆனது. அவசரத்தில் கட்டிவிட்டேன். வந்த பாட்டிலின் மூடியில் விரிசல் விட்டிருந்தது. 'கூரியரில் ஆனதற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்கிறார்கள். இது சரியா?

பதில்: இரண்டுமே சரியில்லை ஐயா. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ல் வந்தவை. டெலிவரி, தபால், கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்த விலை எவ்வளவு, அது எப்படிப் பிரிகிறது என்று விற்பவர் காட்ட வேண்டும் என்கின்றன. ஒரு விலையைக் காட்டி இழுத்து, கடைசியில் கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றுவதை 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. அதே 2020 விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. கூரியரைத் தேர்ந்தெடுத்தது அவர், நீங்கள் இல்லை.

பாட்டிலை, பெட்டியை, பெட்டி மேல் இருக்கும் முகவரி ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பி, பதில் திருப்தியாக இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அதிலும் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரில் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 409 ரூபாய்க்கு இத்தனை அலைச்சலா என்று வீட்டில் கேட்பார்கள். 1915 வரையாவது போங்கள்.

கேள்வி: ஆற்காடு மக்கன் பேடா செய்து தருகிறோம். ஆன்லைனில் இந்தியா முழுக்க அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாகில் ஊறிய பண்டம், பெட்டி கவிழ்ந்தால் பாகு அட்டையில் இறங்கிப் பெட்டியே ஊறிவிடும். மறுநாளே போய்ச் சேரும் ஊர்களை மட்டும் டெலிவரிப் பகுதியில் வையுங்கள், 'மற்ற இடங்கள்' என்ற கடைசி வரிக்கு எந்த டெலிவரி முறையும் கொடுக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆர்டரே போகாது. பாகை வடித்துவிட்டு, மூடி இறுகும் டப்பாவில் அடுக்கி, டப்பாவை ஒரு கவருக்குள் ஒட்டி, அப்புறம் அட்டைப்பெட்டியில் வையுங்கள். டப்பா மேல் உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த விலை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம், சேர்மானம், சைவப் பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்க எண் எல்லாம் இருக்க வேண்டும். முதல் வாரம் சென்னையில் இருக்கும் உறவுக்காரர் யாருக்காவது இரண்டு பெட்டி அனுப்பி, பிரிக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.