சைக்ளின் ஏறுவதும் மறைவதும்: செல் பிரிதல் பற்றிய கேள்வி பதில்

செல் பிரியும் வேளையைப் புரதங்களின் சேர்க்கையும் பிரிவும் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பது குறித்துத் தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை உள்ள நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்பதால் என் துறைக்குள் அடங்குவனவற்றை விரிவாகவும் அடங்காதனவற்றைச் சுருக்கமாகவும் சொல்லியிருக்கிறேன்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: ஐயா, சைக்ளினும் சிடிகேயும் சேர்ந்துதான் செல் சுழற்சியை நடத்துகின்றன என்று படித்தேன். இரண்டில் எது நொதி? மற்றொன்று எதற்கு?

செல் சுழற்சி என்பது ஒரு செல் டிஎன்ஏவை இரட்டித்து இரண்டாகப் பிரியும் தொடர்; சைக்ளினும் சிடிகேயும் அதை நடத்தும் புரதங்கள். சிடிகேதான் நொதி. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்தெடுத்துப் பிற புரதங்களில் உள்ள செரின் அல்லது திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மீது அது ஒட்டுகிறது; இப்படி ஒட்டும் நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். சைக்ளினுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆனால் தனித்திருக்கும் சிடிகே ஏறக்குறைய முடங்கிக் கிடப்பது. அதன் சங்கிலியில் உள்ள ஒரு வளையம் வினை நிகழும் குழியின் வாயை மறைத்துக்கொண்டிருக்கும். சைக்ளின் பக்கவாட்டில் வந்து பொருந்தியதும் உள்ளே உள்ள ஒரு சுருள் திரும்பித் தன் இடத்துக்கு வருகிறது, மறைத்திருந்த வளையமும் விலகுகிறது. சிடிகே 2 என்ற வகை சைக்ளின் ஏ என்ற வகையுடன் இணைந்திருக்கும் படிக அமைப்பு 1995இல் வெளியானபோது இந்த அசைவு அணு அளவில் தெரிந்தது. அதன்பின் வேறொரு கைனேஸ் அந்த வளையத்தின் திரியோனின் ஒன்றில் பாஸ்பேட் ஒட்டினால்தான் நொதி முழு வேகம் பெறும். மனிதச் செல்லின் சிடிகே 1இல் அது 161ஆம் இடத்தில் இருக்கிறது.

சுழற்சி முழுவதும் சிடிகேயின் அளவு பெரிதாக மாறுவதில்லை, ஏறி இறங்குவது சைக்ளினே என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

ஒரு வேண்டுகோள். "புரதம் முடிவெடுக்கிறது" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். புரதம் ஒட்டுகிறது, விலகுகிறது, வடிவம் மாறுகிறது. முடிவு என்று நாம் சொல்வது இவற்றின் கூட்டு விளைவு.

கீழக்கரை: சைக்ளினைக் கடல் முள்ளெலியில் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, அது நம் கடலிலும் இருக்கிறதல்லவா?

இருக்கிறது. மண்டபத்தில் வலை உதறும் இடத்தில் மீனோடு மீனாக அகப்பட்டு வரும் முள்ளுருண்டைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்டுபிடிப்பு நடந்தது 1982 கோடையில், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வகத்தில், அர்பேசியா என்ற வகையின் முட்டைகளில். டிம் ஹண்ட் என்ற ஆங்கிலேயர் கருவுற்ற முட்டைகளுக்குக் கதிரியக்கக் கந்தகம் கொண்ட மெத்தியோனினைக் கொடுத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாதிரி எடுத்து, அவற்றின் புரதங்களைக் கூழ்மத் தகட்டில் ஓடவிட்டு, ஒளிப்படத் தாளில் பதித்தார். பெரும்பாலான பட்டைகள் நேரம் ஆக ஆகக் கருத்துக்கொண்டே போயின. ஒரே ஒரு பட்டை மட்டும் கருத்து வந்து, முட்டை பிரியும் தறுவாயில் மங்கி மறைந்து, மறுபடியும் ஏறியது. கட்டுரை 1983இல் வெளிவந்தது. ஈஸ்ட் என்ற ஒருசெல் பூஞ்சையில் இதே இயந்திரத்தை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோருடன் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பட்டை ஏறியதை விட மறைந்ததுதான் பெரிய செய்தி. புரதம் உருவாவது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செல் தானே உருவாக்கிய ஒன்றைக் குறித்த நேரத்தில் அழிக்கும் என்பது புதிது. ஏபிசி என்ற பெரிய புரதக் கூட்டு சைக்ளினின் மீது யுபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தைச் சங்கிலியாக ஒட்டுகிறது, அந்த அடையாளம் கண்ட புரோட்டியசோம் என்னும் புரதம் சிதைக்கும் இயந்திரம் சைக்ளினைத் துண்டாக்கிவிடுகிறது. பாஸ்பேட்டை ஒட்டினால் எடுத்துவிடலாம். துண்டாகிப்போன புரதத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. செல் சுழற்சி பின்னோக்கிச் செல்லாததற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

கருவுறுதலைக் காட்ட மாணவர்கள் முட்டை சேகரிப்பதாக இருந்தால் வலையில் வந்தவற்றையே கேட்டு வாங்குங்கள். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. கடல் அட்டையை எங்கும் தொடாதீர்கள், அது சட்டப்படி குற்றம். மற்றபடி நுண்ணோக்கியில் பாருங்கள்: விந்து சேர்ந்த ஓரிரு நிமிடங்களில் முட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய உறை கண்ணாடி வளையல் போல எழும்பும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் பொறுத்தால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து இரண்டாகும்.

தொண்டி: சைக்ளின் என்பது ஒரு வகை நொதி அல்லவா?

இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

மண்டபம்: எங்கள் வீட்டுப் பெண்கள் கடற்பாசி வளர்க்கிறார்கள். அதைச் சாப்பிட்டால் செல் பிரிவது நின்று புற்றுநோய் குணமாகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

நம்ப வேண்டாம், தம்பி. கண்ணாடிக் குடுவையில் செல்களைத் தடுக்கும் பொருள் மனித உடலிலும் அப்படியே வேலை செய்யும் என்று ஆகாது. செல் பிரிதலை ஒட்டுமொத்தமாக நிறுத்தும் எதுவும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே நிறுத்தும். யாருக்கேனும் நோய் இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள், சிகிச்சையை இடையில் விடாதீர்கள்.

தேவிபட்டினம், ஆசிரியர்: நீங்கள் சொல்வதைக் கேட்டால் சைக்ளின் ஒரு கடிகாரம் போல இருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. டிஎன்ஏ இரட்டித்து முடித்தால்தான் குரோமோசோம் பிரியும், அது பிரிந்தால்தான் செல் பிரியும். ஒன்று விழுந்து அடுத்ததைத் தள்ளும் வரிசைதானே இது?

இந்தக் கேள்வி துறையையே பல ஆண்டுகள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. ஹார்ட்வெல்லின் ஈஸ்ட் உங்கள் பக்கம்: ஒரு மரபணு பழுதானால் அந்தக் கட்டத்திலேயே செல் நின்றுவிடும். ஆனால் 1980இல் தவளை முட்டையின் உட்கருவையே நீக்கிப் பார்த்தபோதும், பிரிய வேண்டிய வேளை வந்த போதெல்லாம் அதன் மேற்பரப்பு சுருங்கித் தளர்ந்தது. விழுந்து அடுத்ததைத் தள்ளக் குரோமோசோமே அங்கே இல்லை. 1989இல் மர்ரேயும் கிர்ஷ்னரும் தவளை முட்டைச் சாற்றில் இருந்த, புரதம் உருவாக்கும் செய்தியைத் தாங்கிய தூது ஆர்என்ஏ முழுவதையும் அழித்துவிட்டு, சைக்ளினுக்கு உரியதை மட்டும் சேர்த்தார்கள். சாறு மீண்டும் சுழலத் தொடங்கியது. அழிக்க முடியாத சைக்ளினைச் சேர்த்தபோது பிரிதலுக்குள் நுழைந்து அங்கேயே நின்றுவிட்டது.

அதே ஆசிரியர்: தவளை முட்டை அவசரக்காரப் பிறவி, அதை வைத்து நம் உடற்செல்லைப் பேசக் கூடாது. ஈஸ்ட் நிற்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நியாயமான மறுப்பு. முட்டையைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஈஸ்ட் ஏன் நிற்கிறது என்பதை 1988இல் வைனர்ட்டும் ஹார்ட்வெல்லும் காட்டிவிட்டார்கள். எக்ஸ் கதிரால் டிஎன்ஏ உடைந்தால் ஈஸ்ட் நிற்கும். ராட்9 என்ற மரபணு இல்லாத ஈஸ்டோ உடைந்த டிஎன்ஏவோடு பிரிந்து மடியும். முந்தைய வேலை முடியாமல் அடுத்தது நடக்கவே இயலாது என்றால், ஒரு மரபணுவை நீக்கியதும் எப்படி நடந்தது? ஆகவே அந்த வரிசை பொருளின் இயல்பால் வந்ததன்று. கடிகாரத்தை நிறுத்திப் பிடிக்கும் தடைகளால் வந்தது. முட்டையில் அந்தத் தடைகள் பெரும்பாலும் தளர்ந்திருக்கின்றன, உடற்செல்லில் இறுகியிருக்கின்றன.

மீண்டும் அவரே: கடிகாரம் என்றே வைத்துக்கொள்வோம். சைக்ளின் மெல்ல மெல்லத்தான் கூடுகிறது. பிரிதல் ஏன் சட்டென்று தொடங்குகிறது?

இந்த உரையாடலில் நான் மிகவும் விரும்பிய கேள்வி இது. சைக்ளின் சேர்ந்த சிடிகே 1இன் மீது வீ1 என்ற கைனேஸ் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை அடக்கி வைக்கிறது. சிடிசி25 என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டை நீக்குகிறது. விடுபட்ட சிறிதளவு சிடிகே 1 உடனே வீ1ஐ அடக்கி, சிடிசி25ஐத் தூண்டிவிடுவதால், தன்னைக் கட்டியவனைத் தானே கட்டி, அவிழ்ப்பவனுக்குத் துணைபோகிறது. அதனால் படிப்படியான ஏற்றம் ஒரே பாய்ச்சலாகிறது. மணலில் தட்டி நிற்கும் வல்லத்தைப் பத்துப் பேர் தள்ளினாலும் முதலில் அசையாது. நீரில் மிதந்துவிட்டால் இரண்டு பேர் போதும். பிரிதலுக்குள் நுழையத் தேவைப்படும் சைக்ளின், உள்ளேயே நிலைத்திருக்கத் தேவைப்படும் சைக்ளினைவிட அதிகம் என்று 2003இல் தவளைச் சாற்றிலேயே அளந்து காட்டினார்கள்.

பனைக்குளம்: சைக்ளின் எந்த வகை நொதி, ஐயா?

இது மூன்றாவது முறை. சைக்ளின் நொதி இல்லை.

ராமேஸ்வரம்: சிடிகேயைத் தடுக்கும் மருந்து உண்டா?

உண்டு. சிடிகே 4, 6 இரண்டையும் தடுக்கும் பால்போசிக்ளிப் 2015இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கு அனுமதி பெற்றது. யாருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

தங்கச்சிமடம்: தடை என்றீர்கள். ஒரு குரோமோசோம் மட்டும் கதிர் இழையோடு சேரவில்லை என்றால் செல்லுக்கு அது எப்படித் தெரியும்?

கதிர் இழை என்பது பிரிதலின்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழை. குரோமோசோமில் அந்த இழை வந்து பிடிக்கும் இடத்துக்குக் கைனட்டோகோர் என்று பெயர். இழை சேராத கைனட்டோகோரில் மேட்2 என்ற புரதம் வடிவம் மாறி, சிடிசி20 என்ற துணைப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. சிடிசி20 இல்லாமல் ஏபிசி தன் இலக்குகளைப் பிடிக்க முடியாது. எனவே சைக்ளினும் அழியாது, குரோமோசோம்களைக் கட்டி வைத்திருக்கும் பசையை அறுப்பவனைத் தடுக்கும் செக்யூரினும் அழியாது. சேராதது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் செல் காத்திருக்கும். 1995இல் அப்படிக் காத்திருந்த செல்லின் கடைசிக் கைனட்டோகோரை லேசர் கொண்டு சுட்டு அழித்தார்கள். அந்தக் குரோமோசோம் இழையில் சேராமலே கிடக்க, சற்று நேரத்தில் மற்றவை எல்லாம் இரு பக்கமும் பிரிந்து சென்றன.