முயல் மாதிரி தாவும் லேப்ரடார்: கால்சியம் கொடுத்தால் சரியாகுமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் லேப்ரடார் பெட்டைக்கு ஏழு மாதம் ஆகிறது, எடை 31 கிலோ. ஒரு மாதமாக ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவுகிறாள். படுத்தால் எழும்ப நேரமாகிறது. மாடிப்படி பக்கமே போவதில்லை. குட்டி கொடுத்தவரிடம் கேட்டால், "சத்துக் குறைவுதான், கால்சியம் குடுங்க, சரியாயிரும்" என்கிறார். இரண்டு மாதக் குட்டியிலிருந்தே கால்சியம் டானிக் கொடுத்துத்தான் வருகிறோம். பேப்பர் உள்ள குட்டி என்பதால், அடுத்த வருடம் நல்ல ஆண் நாயோடு சேர்த்துக் குட்டி எடுக்க நினைத்திருந்தோம். செய்யலாமா?

பதில்: அந்த டானிக்கை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு, தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. கொடுப்பதை அப்படியே இழுத்துக்கொள்ளும். அதனால் எலும்பு வளர்ச்சி கோணலாகுமே தவிர மூட்டு பலப்படாது. குட்டிகளுக்கான நல்ல தீனி சாப்பிடும் நாய்க்குத் தனியாகக் கால்சியம் வேண்டியதில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இடுப்பு மூட்டு சரியாக அமையாத நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'ஹிப் டிஸ்பிளேசியா' என்போம். வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலைதான் குழவி, இடுப்பெலும்பில் இருக்கும் கிண்ணம்தான் குழி. குழி ஆழமாக இருந்தால் குழவி நின்ற இடத்தில் சுழலும். குழி ஆழமில்லாமல் இருந்து, பிடித்து வைக்கும் தசைநாரும் தளர்ந்திருந்தால், அடிக்கு அடி குழவி விளிம்பில் போய் இடிக்கும். அந்த இடியில் குருத்தெலும்பு தேயும், நாளாக ஆக மூட்டுவாதமாக முற்றும். வலிக்கிற காலை மாற்றி மாற்றி ஊன்ற முடியாமல்தான் உங்கள் குட்டி இரண்டையும் சேர்த்து வைத்துத் தாவுகிறாள். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். அவளுக்கு அது வலி.

இது எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு பெற்றோரிடமிருந்து. ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை, பல மரபணுக்கள் சேர்ந்து செய்வது. அதனால் நல்ல இடுப்புள்ள தாய்க்கும் தகப்பனுக்கும்கூடச் சில வேளை நோயுள்ள குட்டி பிறக்கும். பிறந்தவுடன் பார்த்தால் மூட்டில் ஒரு குறையும் தெரியாது. வளர வளரத்தான் தளர்வு வெளிப்படும். நாற்பத்தைந்து நாள் குட்டியைத் தூக்கிப் பார்த்து "இடுப்பு நல்லா இருக்கு" என்று யாராலும் சொல்ல முடியாது.

மீதிப் பங்கு தட்டில் இருக்கிறது. ஏழு மாதப் பெட்டை லேப்ரடாருக்கு 31 கிலோ மிக அதிகம். வளர்ந்து முடிந்த பெட்டையின் எடை அது. இதில் எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதுக்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுவாதமும் குறைவாகச் சாப்பிட்டவற்றில் பல ஆண்டுகள் தள்ளித்தான் வந்தது. நம் ஊரில் நாய் 'கொழுகொழு'வென்று இருந்தால்தான் வீட்டுக்குப் பெருமை. விலாவைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். அதுதான் அளவு. மருத்துவரிடம் அளவு கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

இந்த மாதமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எலும்பை வெட்டித் திருப்பி, கிண்ணத்தை உருண்டைக்கு மேல் கொண்டுவரும் அறுவை சிகிச்சை வளரும் வயதில், மூட்டுவாதம் தொடங்கும் முன்னால் மட்டுமே பலன் தரும். உங்களுக்கு நாள் குறைவு. அந்தக் கட்டம் தாண்டியிருந்தாலும் வழி அடைந்துவிடவில்லை: எடையைக் குறைப்பது, தசைக்குப் பயிற்சி, நாய்க்கான வலி மருந்து, தேவைப்பட்டால் உருண்டைத் தலையை எடுத்துவிடும் சிகிச்சை அல்லது மாற்று மூட்டு. வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபனையோ டைக்ளோஃபினாக்கையோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் போய்விடும்.

டைல்ஸ் தரையில் சணல் சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போடுங்கள். கால் வழுக்கி விரியும் ஒவ்வொரு தடவையும் மூட்டு இன்னும் தளரும். பந்து எறிந்து குதிக்க வைப்பது வேண்டாம், நீச்சல் நல்லது. தாமிரபரணிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். இழுப்பு இல்லாத படித்துறை ஓரத்தில், கயிறு கட்டி, தினமும் கொஞ்ச நேரம் நீந்த விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மட்டும் வேண்டாம்.

குட்டி எடுக்கும் எண்ணத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் இந்த நோய் உறுதியானால் வேண்டாம், ஒரு ஈற்றுக்குக்கூட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஆண் நாய்க்குப் பார்க்க அவ்வளவு அழகு. லேசாகச் சாய்ந்து நடந்தான். படம் எடுத்துக் காட்டி, சேர்க்கைக்கு விடாதீர்கள் என்று சொன்னேன். விட்டார்கள். அடுத்த வருடம் அவன் குட்டிகளில் மூன்று, மூன்று வெவ்வேறு வீட்டிலிருந்து, ஒரே நடையோடு என் மேசைக்கு வந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகம் இன்னும் மறக்கவில்லை.

பேப்பர் என்பது வம்சாவளிச் சான்று; இடுப்புக்குச் சான்று இல்லை. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு, நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகு எடுத்த படத்துக்குத்தான் இடுப்புச் சான்று தருகிறது. குட்டி வாங்குகிறவர்கள் தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். முந்தைய ஈற்றுக் குட்டிகள் எப்படி நடக்கின்றன என்றும் கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது; 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது.

நம் கரிசல் பக்கத்துக் கன்னி, சிப்பிப்பாறை போல ஓட்டத்துக்கென்று உருவான மெலிந்த உடல்வாகு இனங்களில் இந்த நோய் அரிது. அதற்காக நாட்டு இனங்களுக்குக் குறையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு, அங்கேயும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

உங்கள் பெட்டைக்குக் கருத்தடை செய்யலாம்; அவசரப்பட வேண்டாம். எலும்பு வளர்ச்சி முடியும் முன் செய்தால் லேப்ரடாருக்கு மூட்டுப் பிரச்சினை கூடும். ஒன்றேகால் வயதுக்கு மேல் செய்யுங்கள். அதற்குள் பருவத்துக்கு வந்தால் மூன்று வாரம் வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகலாம். மயக்கம் கொடுத்து, பின்னங்கால்களை நேராக நீட்டி வைத்துத்தான் படம் எடுப்பார்கள். முந்தின இரவுக்குப் பிறகு சாப்பாடு கொடுக்காதீர்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் ஏற்றும்போது குதிக்க விடாமல், நெஞ்சுக்கும் பின்தொடைக்கும் கீழே கை கொடுத்துத் தூக்கி வையுங்கள்.