யாழ்ப்பாணத்தில் சிறிய வேலைத்தளத்துக்குப் பழைய சி.என்.சி. மில்லிங் மெசின் வாங்கலாமா?

வாங்கலாம். கணினிக் கட்டளையில் தானாக உலோகம் செதுக்கும் இந்த மெசினை நான் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரிலுள்ள தம்பிக்கோ மருமகனுக்கோ ஒரு தொழிலை அமைத்துக்கொடுக்க யோசிப்பவர் போலத் தெரிகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். என் பதில் அதனால் மாறப்போவதில்லை.

எங்களுடையது கடைச்சல் பட்டறை. 1990களில் மின்சாரமே இல்லாத காலத்தில், நீரிறைக்கும் இயந்திரத்தில் பட்டி மாட்டி மண்ணெண்ணெயில் லேத் ஓட்டியவர் என் அப்பா. படகுகளுக்குத் தண்டும் உழவு இயந்திரங்களுக்குப் புஷ்ஷும் அதில்தான் கடைந்தார். ஆகவே கொழும்பின் புறநகரில் பழைய ஜப்பான் மெசின்கள் விற்கும் ஒரு யார்டில், "யாழ்ப்பாணமா? அங்கே இதை ஓட்ட ஆள் இருக்கிறதா?" என்று விற்பவர் சிரித்தபோது எனக்குச் சுள்ளென்று ஏறியது. வாய் திறக்காமல் பையிலிருந்து, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்தேன்.

அவர் மெசினுக்கு மின்சாரம் கொடுத்து, திரையை எரியவிட்டு, மேசையை இங்குமங்கும் ஓட்டிக் காட்டினார். புதுப் பெயின்ட் வேறு. பலர் இந்த இடத்திலேயே முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். நான் மேசையில் ஒரு கட்டையைப் பூட்டி, கேஜை, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் தலையில் பொருத்தி, கைச்சில்லால் நூறில் ஒரு மில்லிமீற்றராக நகர்த்தினேன். பிறகு திசையைத் திருப்பினேன். சில்லு எத்தனை சொடுக்குச் சுற்றிய பின் முள் அசைகிறதோ அவ்வளவுதான் திசை திரும்பும்போது வரும் ஆட்டம். இதை மேசையின் ஓரத்தில் பார்த்தால் போதாது; நடுவிலும் பார்க்க வேண்டும். வேலைத்துண்டைப் பிடிக்கும் வைஸ் எப்போதும் நடுவில்தான் இருக்கும், மேசையை நகர்த்தும் போல் ஸ்குரூவும் அங்கேதான் தேயும். இரண்டு இடத்திலும் அளவு வேறுபட்டால் அந்தத் தேய்மானத்தை எந்தத் திருத்தமும் முழுதாக மறைக்காது.

இன்னொன்று. மெசினின் மூளை கொன்ட்ரோலர். அது ஃபனுக் நிறுவனத்தின் 'i' வரிசையில் உள்ளதென்றால், 1851 என்ற பராமீற்றரை, அதாவது அமைப்பு எண்ணை, திறக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தை ஈடுசெய்யப் போட்ட எண் அங்கே இருக்கும், பெரும்பாலும் மைக்ரோன் கணக்கில். கேஜ் சுத்தமாகக் காட்டி, உள்ளே 60 என்று இருந்தால், மெசின் தன் தேய்மானத்தைக் கணக்கில் ஒளித்து வைத்திருக்கிறது. நான் 1851 என்றதும் அந்த மனிதரின் சிரிப்பு நின்றது. அந்த மெசினை நான் வாங்கவில்லை. வேறொரு யார்டில், ஸ்பிண்டிலை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதன் கீழ்முனையில் கை வைத்துச் சூடு பார்த்து, சத்தம் கேட்டு வாங்கியதுதான் இப்போது நிற்பது. பி.டி.30 என்ற கட்டர் பிடி அளவு உள்ள வகை, சிறியது, இரண்டு தொன் அளவில். தடித்த இரும்பை இது ஆழமாகத் தின்னாது. அலுமினியத்துக்கும் துளை, மரை வேலைக்கும் தாராளம்.

"சிங்கிள் பேஸில் கன்வேர்ட்டர் போட்டு ஓட்டலாம் தம்பி" என்று தரகர்கள் சொல்வார்கள். 230 வோல்ட்டில் 30 அம்பியர் வீட்டு இணைப்பு 7 கே.வி.ஏ. கூடத் தராது. மெசினுக்கு எவ்வளவு வேண்டும் என்று அதன் பெயர்ப்பலகையில் படித்துவிட்டு தரகருடன் பேசுங்கள். ஜப்பான் மெசின்கள் திரீ பேஸ் 200 வோல்ட்டில் ஓடுபவை; நம்முடையது 400. இடையில் ட்ரான்ஸ்போமர் கட்டாயம் வேண்டும், அதன் விலையையும் மெசின் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். கட்டர், ஹோல்டர், வைஸ் எல்லாம் டொலரில் வருபவை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை நாங்கள் மறக்கவில்லை.

பற்றரியும் முக்கியம். கொன்ட்ரோலரின் நினைவு பற்றரியில் நிற்கிறது. பற்றரி செத்தால் பராமீற்றர் போய்விடும், மெசின் வெறும் இரும்பு. மின்சாரம் ஓடும்போதே அதை மாற்ற வேண்டும். மெசினின் மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் தொழிற்சாலை கொடுத்த பராமீற்றர் தாள் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய தலையிடி தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் கூலன்ட் எண்ணெயைக் கலந்தால் சுண்ணாம்பு அதைத் திரைய வைக்கும், வடி அடைக்கும். நான் மழைநீரும் விலைக்கு வாங்கும் வடித்த தண்ணீரும்தான் ஊற்றுகிறேன். சிலர் இதைப் பணக்காரத்தனம் என்பார்கள். என் பம்ப் இன்னும் அடைக்கவில்லை.

புதுச் சீன மெசின் வாங்கலாமே என்றும் சிலர் எழுதுவார்கள். காசு இருந்தால் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. எனக்கு யாரிடமும் கமிஷன் கிடையாது.

மெசினைவிட ஆள்தான் கஷ்டம். மெசினுக்குக் கட்டளை எழுதும் ஜி கோட்டை நான் சொல்லிக்கொடுத்த ஒரு பையன், மைக்ரோமீற்றரில் மில்லிமீற்றரின் நூறில் இரண்டு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பவன், இன்று ஒரு துணிக்கடையில் பில் அடிக்கிறான். அங்கே சம்பளம் அதிகமும் இல்லை. கிறீஸ் பட்ட கைக்குப் பெண் தரமாட்டார்கள் என்று தாய் சொன்னாராம். அதே வீட்டுக்காரர்தான் போன மாதம் தண்ணீர்ப் பம்ப்பின் தண்டு உடைந்ததென்று ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டினார். செய்துகொடுத்தேன். பொறியியலாளர் என்றால் எழுந்து நிற்கிறார்கள். அவர் வரைந்ததைச் செய்து தருபவனுக்குக் கதிரை போடமாட்டார்கள். அதை விடுவோம், உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் தம்பியைக் கொழும்புக்கு அனுப்பும் முன், பெயர்ப்பலகை, 1851 உள்ள திரை, பெட்டிக் கதவின் உட்புறம், இந்த மூன்றையும் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். அவர் சாக்குச் சொன்னால் பஸ் காசு மிச்சம்.